குழந்தையைப் பள்ளியில் சேர்க்கும் முன் கவனிக்க வேண்டியவை

எழுத்துகளை ஒப்பிக்கிறதா என்பதைவிட, தனக்கு வேண்டியதைப் பிறரிடம் வாய்விட்டுக் கேட்கிறதா என்பதையே முதலில் கவனியுங்கள். கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று சொல்லவும், உணவு டப்பாவின் மூடியைத் தானே திறக்கவும், "செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்" என்றால் இரண்டையும் மறவாமல் செய்யவும் தெரிந்தால், பாதிக்கு மேல் தயார் என்று கொள்ளலாம். பழகிய உறவினரிடம் இரண்டு மணி நேரம் விட்டுப் பாருங்கள். அழுவது இயல்பே, அந்த அழுகை எவ்வளவு விரைவில் அடங்கி விளையாட்டில் மனம் செல்கிறது என்பதுதான் முக்கியம். ஒரே வகுப்பின் மூத்த பிள்ளைக்கும் இளைய பிள்ளைக்கும் ஏறக்குறைய 12 மாத இடைவெளி இருக்கக்கூடும் என்பதால், சேர்க்கை வயதை மயிரிழையில் எட்டிய குழந்தை இன்னும் திணறினால், விதி இடங்கொடுக்கும்பட்சத்தில் ஓராண்டு பொறுப்பதில் தவறில்லை. பேச்சிலோ கேட்கும் திறனிலோ ஐயம் இருந்தால் மட்டும் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.