கூத்துப் பார்க்கப் போகிறீர்களா? இவற்றைச் செய்யாதீர்கள்

இலங்கையின் வடக்கே வன்னியில் கூத்துப் பார்க்க வருகிறவர்கள் செய்யும் முதல் தவறு, தியேட்டரில் இருப்பதுபோல அசையாமல் இருப்பது. முல்லைத்தீவுப் பாணியான முல்லைமோடியில் ஆடும் கோவலன் கூத்தாகட்டும், காத்தவராயன் கூத்தாகட்டும், ஆடுபவர் எதிரே இருக்கும் சனத்தின் முகத்தைப் பார்த்துத்தான் ஆடுகிறார். சனம் ஒரு பாட்டில் ஊறிப்போயிருந்தால் அந்த அடியைத் திரும்ப எடுப்பார். பிற்பாட்டுக்காரரும் இழுத்துப் பாடுவார்கள். சனம் தூங்கி வழிந்தால் அதே பாட்டு சட்டென்று முடிந்துவிடும். ஆகவே பிடித்த இடத்தில் தலையாட்டுங்கள், தெரிந்த வரியை வாய்க்குள் பாடுங்கள். ஆடுபவரை முந்திச் சத்தமாகப் பாடினால் மட்டும் புதிதாக ஆட வந்த பிள்ளை தடுமாறிப்போகும்.

போனில் இரண்டு படம் எடுங்கள், போதும். லைட்டை அடித்தால் ஆடுபவருக்குக் கண் கூசும், கால் வைக்கும் இடம் தெரியாது.

எனக்கு மிகவும் வலிக்கிற தவறு வேறு. காத்தவராயன் கூத்தில் ஒரே இரவில் பலர் காத்தானாக, அதாவது காத்தவராயனாக, மாறி மாறி வருவார்கள். தங்கள் வீட்டுப் பிள்ளையின் பகுதி முடிந்ததும் குடும்பமாகப் பாயைச் சுருட்டிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். கடைசியில் கழுமரம் ஏறுகிற காத்தானுக்கோ பாதி முற்றம் வெறுமையாகக் கிடக்கும். கதையின் உச்சமே அதுதான். அவரும் மாதக்கணக்கில் பழகியவர்தானே? விடியும்வரை இருக்க முடியாதென்றால், ஒரு காத்தான் போய் அடுத்தவர் வருமுன் ஓரமாக எழுந்து போங்கள், சரி. பாட்டின் நடுவே எழும்பாதீர்கள்.

ஆண்கள் பெண் வேடம் கட்டுவது கூத்தின் பழைய வழக்கம். காத்தானின் காதலி ஆரியமாலை வரும்போது விசிலடிக்கும் பெடியளுக்குப் பக்கத்தில் இருக்கும் பெரியவர்கள்தான் சொல்ல வேண்டும். கோவலன் கூத்தில் கண்ணகி வந்தால் இன்னும் கவனம் தேவை. வற்றாப்பளைக் கோயிலில் இருக்கும் கண்ணகி அம்மனை நினைத்துக் கைகூப்புகிறவர்கள் அருகிலேயே இருப்பார்கள்.

பாய்க்காரருக்கு முன்னால் கதிரை போடாதீர்கள். பொன்னாடை போர்த்தவென்று ஆட்டத்தையும் நிறுத்தாதீர்கள். மத்தளம் ஒருமுறை நின்றால் அந்தச் சூட்டைத் திரும்பக் கொண்டுவர வெகுநேரம் பிடிக்கும். விடிந்தபின் வேடம் கலைக்கும் இடத்துக்குப் போய்ப் போர்த்துங்கள். கூத்தைப் பழக்கிய அண்ணாவியாருக்கும் மத்தளக்காரருக்கும் சேர்த்து.