பல்லாங்குழியை எடுத்துப் போடுங்கள், பாடம் நடத்தாதீர்கள்

பள்ளி விட்டு வந்தால் டியூஷன், டியூஷன் முடிந்தால் போன், போனைப் பிடுங்கினால் அழுகை, அப்புறம் தூக்கம். என் மூத்தவன் இரண்டாம் வகுப்பு முடிக்கிற வரை இப்படித்தான் இருந்தான். மதுரை செல்லூரில் எங்கள் காம்பவுண்டில் மட்டும் பத்து வயதுக்குக் கீழே ஏழு பிள்ளைகள் இருக்கிறார்கள், ஆனால் சாயங்காலம் முற்றத்தில் ஒரு சத்தம் கேட்காது. போன கோடை விடுமுறைக்கு உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து என் அத்தை, அதாவது வீட்டுக்காரரின் அம்மா, வந்து இரண்டு மாதம் தங்கினார். அவர் எங்கள் பிள்ளைகளை விளையாட வைத்த விதத்தைப் பார்த்துத்தான் இதையெல்லாம் கற்றுக்கொண்டேன். நீங்களும் வீட்டில் செய்து பார்க்கிற மாதிரி எழுதுகிறேன்.

முதலில் நேரத்தை ஒதுக்குங்கள். ஐந்திலிருந்து பதினேழு வயது வரையுள்ள பிள்ளைகள் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னது. மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்கு நாள் முழுக்கச் சேர்த்து மூன்று மணி நேரம் உடல் அசைய வேண்டும், திரை பார்ப்பது ஒரு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்று 2019-லேயே சொல்லிவிட்டார்கள். மதுரை வெயிலில் நாலு மணிக்குப் பிள்ளையை வெளியே விட முடியாது, சித்திரையில் அஞ்சரை மணிக்குக்கூடத் தரை சுடும். அதனால் அஞ்சிலிருந்து ஆறு வரை நிழலில் உட்கார்ந்து ஆடுவது, ஆறிலிருந்து ஏழு வரை ஓடிப்பிடித்து, கபடி, கண்ணாமூச்சி என்று வைத்துக்கொண்டோம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரையாவது கூப்பிடுங்கள், தனிப் பிள்ளைக்கு விளையாட்டு ஓடாது. முதல் வாரம் “போரடிக்குது” என்று பின்னாலேயே வருவார்கள். ஒன்றும் செய்யாதீர்கள், விட்டுவிடுங்கள், அந்தச் சலிப்பிலிருந்துதான் அவர்களே ஏதாவது கண்டுபிடிப்பார்கள்.

உட்கார்ந்து ஆடுவதில் சொட்டாங்கல்லில் தொடங்கலாம். என் மகன் பென்சிலை முஷ்டி மடக்கிப் பிடிப்பான், நாலு வரி எழுதினால் கை வலிக்கிறது என்பான். அத்தை அவனிடம் நோட்டை நீட்டவே இல்லை. அரைநெல்லி அளவில் வழுவழுப்பான கல் அஞ்சு பொறுக்கி வந்து தரையில் போட்டார். ஒரு கல்லை மேலே வீசி, அது கீழே விழுவதற்குள் தரையில் கிடப்பதில் ஒன்றைப் பொறுக்கி, வீசியதையும் அதே கையால் பிடிக்க வேண்டும், அப்புறம் இரண்டிரண்டாக, அப்புறம் மூன்றும் ஒன்றுமாக, கடைசியில் நாலையும் ஒரே வாரில். எழுதுவதற்கு வேண்டிய கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும்தான் கல் பொறுக்கவும் வேலை செய்கின்றன, உள்ளங்கை குவிந்து விரிகிறது, கண் மேலே போகிற கல்லையும் கீழே கிடக்கிற கல்லையும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொள்கிறது. சிறு பிள்ளை என்றால் முதலில் ஒரே கல்லை வீசி இரண்டு கையாலும் பிடிக்கச் சொல்லுங்கள், அது கைவந்த பிறகு ஒரு கை. பள்ளி திறந்தபோது அவன் பென்சில் பிடிக்கிற விதம் மாறியிருந்தது. சொட்டாங்கல் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் இரண்டு மாதம் அந்தக் கை சும்மா இருக்கவில்லை.

அடுத்து பல்லாங்குழி. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எண்ணிக்கை சொல்லித்தர இதைவிட நல்ல பொருள் எதையும் நான் பார்த்ததில்லை. இரண்டு வரிசை, வரிசைக்கு ஏழு குழி, தொடங்கும்போது குழிக்கு அஞ்சு முத்து, ஆக மொத்தம் எழுபது. தன் பக்கத்தில் ஒரு குழியை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கை காலியானதும் அதற்கு அடுத்த குழியை அள்ளித் தொடர வேண்டும். அந்தக் குழி வெறுமையாக இருந்தால் அதைத் துடைத்துவிட்டு, அதற்கும் அடுத்ததில் உள்ளதை எடுத்துக்கொள்ளலாம், அதோடு முறை எதிராளிக்குப் போகும். சேர்ந்தாற்போல் இரண்டு குழி காலி என்றால் ஒன்றும் கிடையாது. ஆட்டத்தின் நடுவில் எந்தக் குழியிலாவது நாலு முத்து சேர்ந்தால் அதற்குப் பசு என்று பெயர், குழி யார் பக்கமோ அவர் எடுத்துக்கொள்வார். ஊருக்கு ஊர் விதி மாறும், உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் அவர்கள் ஆடிய முறையைக் கேளுங்கள்.

இந்தப் பசு இருக்கிறதே, அதைக் கவனியுங்கள். ஒன்று, இரண்டு என்று விரல் வைத்து எண்ணிக்கொண்டிருந்தால் பசு கைவிட்டுப் போய்விடும், நாலைப் பார்த்தவுடன் நாலு என்று கண்ணே சொல்ல வேண்டும். பத்து நாளில் பிள்ளைக்கு அது வந்துவிடுகிறது. அப்புறம் எந்தக் குழியில் தொடங்கினால் எங்கே போய் முடியும் என்று மனசுக்குள்ளேயே ஓட்டிப் பார்க்கத் தொடங்குவார்கள், உதடு மட்டும் அசையும், அந்த நேரத்தில் தயவு செய்து பேச்சுக் கொடுக்காதீர்கள். முதல் சுற்றில் தோற்றவன் கையில் முப்பது முத்துதான் இருக்கிறது என்றால், இரண்டாவது சுற்றுக்கு அவன் பக்கத்தில் குழிக்கு அஞ்சாக ஆறு குழிதான் நிரம்பும், ஏழாவது காலி. ஒருநாள் இந்த இடத்தில் நான் குறுக்கே போய், “அப்படின்னா முப்பதை அஞ்சால வகுத்தா எவ்வளவு?” என்று கேட்டுவிட்டேன். அவ்வளவுதான், என் மகன் எழுந்து போய்விட்டான், மூன்று நாள் பலகையைத் தொடவில்லை. வகுத்தலை அவன் கை ஏற்கனவே செய்து முடித்திருந்தது, நான் அதைப் பரீட்சையாக்கினேன். விளையாட்டுக்கு நடுவே கேள்வி கேட்காதீர்கள், நீங்களும் ஆட்டத்தில் ஒரு ஆளாக உட்கார்ந்து ஆடுங்கள், அது போதும்.

முத்து விஷயத்தில் கவனம் வேண்டும். பழைய வீடுகளில் குன்றிமணி வைத்து ஆடுவார்கள், அதன் பருப்பு கடும் விஷம், பிள்ளை கடித்து மென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. சோழியோ புளியங்கொட்டையோ போதும். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை வீட்டில் இருந்தால் அவையும் அதன் கைக்கு எட்டக்கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

எட்டு வயதைத் தாண்டியவர்களுக்கு ஆடுபுலி ஆட்டம். தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டுவிடுங்கள், மூன்று புலிக்கு மூன்று பெரிய கல், பதினைந்து ஆட்டுக்குச் சின்னக் கல். புலி தாண்டி வெட்டும், ஆடுகள் சேர்ந்து புலியை நகர விடாமல் அடைக்க வேண்டும், எல்லா ஆட்டையும் இறக்கி முடிக்கும் வரை எந்த ஆட்டையும் நகர்த்தக்கூடாது. பிள்ளைகள் எல்லாரும் புலிதான் கேட்பார்கள். மாற்றி மாற்றி இரண்டு பக்கமும் ஆட வையுங்கள். ஆடு பக்கம் உட்கார்ந்தால்தான் அவசரப்படாமல் எதிராளி அடுத்து என்ன செய்வான் என்று யோசிக்கப் பழகுவார்கள்.

பாண்டிக்குச் செலவே இல்லை, உடைந்த ஓட்டுத் துண்டு ஒன்று போதும். ஒற்றைக் காலில் நொண்டி, குனிந்து சில்லை எடுத்து, கோட்டை மிதிக்காமல் திரும்ப வேண்டும். உடலை நிலையாக நிறுத்தும் பழக்கம் இதில் வருவதுபோல் வேறெதிலும் வராது. எங்கள் பிள்ளைகளுக்கு இதில் ஆசை வந்தது கீழடி போன பிறகுதான். மதுரையிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர்தான், 2023-இல் திறந்த அருங்காட்சியகம் இருக்கிறது. அகழாய்வில் நூற்றுக்கணக்கில் வட்டச் சுடுமண் சில்லுகள், ஆட்டக்காய்கள், தந்தத்தில் செய்த பகடை எல்லாம் கிடைத்திருக்கின்றன. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் இங்கே ஒரு பிள்ளை எறிந்த சில்லாக இருக்கும் என்றதும் என் மகள் கண்ணாடியை விட்டு நகரவே இல்லை.

அப்புறம், பாவனை விளையாட்டு. இதைத்தான் பெற்றோர் வெட்டி என்று நினைக்கிறோம். அஞ்சு வயதுச் சின்னவள் திண்ணையில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு பெரியார் நிலையத்திலிருந்து பஸ் விடுவாள். “பழங்காநத்தம், பசுமலை, திருப்பரங்குன்றம், ஏறு ஏறு!” இரண்டு விசில் அடித்தால் வண்டி புறப்படும், லேடீஸுக்கு டிக்கெட் ஃப்ரீ. ஓர் இடத்தில் இரண்டு நிமிடம் உட்காராத பக்கத்து வீட்டுப் பையன், பசுமலை வரும் வரை இறங்கக்கூடாது என்பதற்காகக் கால் மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தான். ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி இதைத்தான் சொன்னார். குச்சியைக் குதிரையாக்கி ஓட்டுகிற பிள்ளை, தானே ஏற்றுக்கொண்ட விதிக்காகத் தன் அவசரத்தை அடக்கப் பழகுகிறது. நாம் “சும்மா உட்காரு” என்று நூறு தடவை கத்தி வராத அடக்கம் அது. இதற்குப் பொம்மை செட் எதுவும் வாங்க வேண்டாம், பழைய பை, பழைய டிக்கெட், கிழிந்த நோட்டு கொடுங்கள். சில்லறை தப்பாகக் கொடுத்தால் நீங்கள் திருத்தாதீர்கள், பயணியாக இருக்கும் பெரிய பிள்ளை கேட்டு வாங்கிக்கொள்ளும்.

சண்டை கட்டாயம் வரும். “அழுகுணி ஆட்டம் ஆடுறான்” என்று உங்களிடம் பஞ்சாயத்துக்கு வருவார்கள். அடிதடி இல்லாத வரை, “நீங்களே பேசி ஒரு ரூல் சொல்லுங்க, நான் கேக்குறேன்” என்று மட்டும் சொல்லுங்கள். காய் விட்டவர்கள் பெரும்பாலும் சோறு ஆறுவதற்குள் பழம் விட்டுவிடுவார்கள். குட்டிப் பிள்ளைகளை ஒதுக்காமல் ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், அவுட் ஆனாலும் அவுட் கிடையாது, கூடவே ஓடி ஆட்டத்தைப் பழகிக்கொள்ளும். தோற்றுவிட்டு அழுகிற பிள்ளைக்காக வேண்டுமென்றே விட்டுக்கொடுக்காதீர்கள், அவர்களுக்குத் தெரிந்துவிடும். பக்கத்தில் உட்கார்ந்து அழுது முடிக்க விடுங்கள், “இன்னொரு ஆட்டமா?” என்று கேளுங்கள்.

ஏழு மணிக்குத் திடீரென்று கூப்பிட்டால் யாரும் வரமாட்டார்கள், பத்து நிமிடம் முன்னாலேயே கடைசி ஆட்டம் என்று சொல்லிவிடுங்கள். புளியங்கொட்டை எழுபதும் டப்பாவில் இருக்கிறதா என்று எண்ணிப் போடுவது ஆடியவர்கள் வேலை. ஒன்று குறைந்தாலும் கட்டிலுக்கு அடியில் தேடி எடுத்த பிறகுதான் சாப்பாடு, ஏனென்றால் எதிர்வீட்டில் இப்போதுதான் தவழத் தொடங்கியிருக்கிறது ஒன்று.