‘அசீஸ்மிக்’ பகுதி: சொல்லை நம்பி ஏமாற வேண்டாம்

கிரேக்கத்தில் ‘சீஸ்மோஸ்’ என்றால் நடுக்கம். நீதி, அநீதி ஆவது போல, இன்மையைக் குறிக்கும் ‘அ’ முன்னால் சேர்ந்து ‘அசீஸ்மிக்’ ஆனது. நிலநடுக்கம் இல்லாத பகுதி என்பது நேர்ப்பொருள்.

‘இல்லாத’ என்பதை ‘வரவே வராத’ என்று படிப்பதுதான் பெரிய தவறு. நில அதிர்வுக் கருவிகள் உலகில் பரவலானதே 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். கண்டத்தட்டின் நடுப்பகுதியிலோ, பாறையில் இறுக்கம் சேர்ந்து பெரிய நடுக்கமாக வெடிக்க ஆயிரக்கணக்கான ஆண்டுகள்கூட ஆகலாம். நூறு ஆண்டுப் பதிவேட்டைப் புரட்டி ‘இங்கே நடுங்கியதில்லை’ என்பது, கோடையில் ஆற்றைப் பார்த்து வெள்ளமே வராது என்பதற்குச் சமம்.

மகாராஷ்டிரத்தின் கில்லாரி இதற்குக் கொடுத்த விலை மிகப் பெரியது. தக்காணப் பாறை பழையது, உறுதியானது. எனவே நிலநடுக்க ஆபத்தைப் பொறுத்து நாட்டை மண்டலங்களாகப் பிரிக்கும் வரைபடத்தில், அப்பகுதி ஆபத்து மிகக் குறைந்த முதலாம் மண்டலத்தில் வைக்கப்பட்டிருந்தது. 1992இலேயே சிறு அதிர்வுகள் வந்தன. 1993 செப்டம்பர் 30 அதிகாலை, ஊர் உறங்கிக்கொண்டிருந்தபோது 6.2 அளவிலான நடுக்கம். மண்சாந்தில் அடுக்கிய கனத்த கல்சுவர்களும் அவற்றின்மேல் இருந்த மண்கூரைகளும் சரிந்து, ஏறத்தாழ 10,000 பேர் இறந்தனர். 6.2 என்பது உலக அளவில் பேரதிர்வு அல்ல. கொன்றவை பெரும்பாலும் வீடுகளே.

‘நில அதிர்வு இடைவெளி’ என்பதையும் இதனோடு குழப்பிக்கொள்கிறார்கள். பாறைகள் பிளந்து ஒன்றையொன்று உரசி நகரும் கோடு ‘பிளவுக்கோடு’. முன்பு பெருநடுக்கம் கண்ட பிளவுக்கோட்டில் இப்போது அமைதியாக இருக்கும் துண்டுக்குத்தான் அந்தப் பெயர். அதைப் பாதுகாப்பான இடம் என்று எழுதும் செய்திகளைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. அடுத்த நடுக்கம் அங்கே வரலாம் என்று அறிஞர்கள் அஞ்சும் இடம் அது.

‘அசீஸ்மிக் நகர்வு’ வேறு. கலிஃபோர்னியாவின் ஹாலிஸ்டர் நகரில் பிளவுக்கோடு சத்தமின்றி ஊர்ந்து, நடைபாதை ஓரக்கற்களை விலக்கி வளைக்கிறது. நடுக்கம் இல்லை, அசைவு உண்டு. கட்டுமானத் துறையினர் ‘அசீஸ்மிக் வடிவமைப்பு’ என்று சொல்வதோ நடுக்கத்தைத் தாங்கும் கட்டடத்தை.

இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2002 திருத்தத்தில் முதலாம் மண்டலத்தையே நீக்கிவிட்டது. அதே திருத்தத்தில் சென்னை இரண்டிலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு ஏறியது. வீடு கட்டுபவர்கள் எந்த மண்டலத்துக்குக் கணக்கிட்டுக் கம்பி போட்டிருக்கிறார்கள் என்று பொறியாளரிடம் கேட்டுவிடுவது நல்லது.