கோலிக்குண்டோடு வீடு பார்க்கப் போங்கள்

இதுவரை 8 வீடு மாறியிருக்கிறேன். அதில் ஒன்றை மட்டும் இணையத்தில் படம் பார்த்தே முடிவு செய்தேன். படத்தில் படுக்கையறை பந்து விளையாடலாம் போல இருந்தது. சாமான்களை இறக்கிக் கட்டிலைப் போட்டதும் அலமாரிக் கதவு பாதிக்கு மேல் திறக்கவில்லை. அங்கே இருந்தவரை அந்தப் பாதிக் கதவுக்குள் கையை விட்டுத் துழாவித்தான் சட்டை எடுத்தேன்.

படம் எடுத்தவர் மோசடி ஒன்றும் செய்யவில்லை. அறை மூலையில் முதுகை ஒட்டிக்கொண்டு, அகலக்கோண லென்ஸில் எடுத்திருக்கிறார். அந்த லென்ஸில் பக்கத்துத் தரை நீண்டுவிடும், எதிர்ச்சுவர் தூரமாகப் போய்விடும். படத்தின் ஓரத்தில் இருக்கிற ஃபிரிட்ஜோ தலையணையோ இழுத்துப் பிடித்த மாதிரி தெரிந்தால் அறையை மனதுக்குள் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளுங்கள். எந்த அறைக்குப் படமே போடவில்லை என்றும் பாருங்கள். நேரில் போனதும் நான் முதலில் நுழைவது அந்த அறைக்குள்தான்.

இப்போதெல்லாம் என் பையில் நான்கு சாமான் இருக்கும்: இன்ச் டேப், டார்ச், போன் சார்ஜர், ஒரு கோலிக்குண்டு. தரகர்கள் கோலிக்குண்டைப் பார்த்துச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். கூடத்தின் நடுவில் வைத்தால் அது ஒரே பக்கமாக வேகமெடுத்து ஓடக் கூடாது. கொஞ்சம் அசைந்தால் டைல்ஸ் சமமில்லை, அவ்வளவுதான். எங்கே வைத்தாலும் ஒரே மூலைக்கு ஓடுகிறது, அந்தப் பக்கத்துக் கதவும் நிலையில் உரசுகிறது என்றால் தரை இறங்கியிருக்கலாம். வாங்கப் போகிற வீடானால் ஒரு பொறியாளரைக் கூட்டிவந்து காட்டாமல் பேச்சை மேலே கொண்டுபோகாதீர்கள். விரிசலும் அப்படித்தான். பூச்சில் முடி போல ஓடுவது பெரும்பாலும் சாதாரணம். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பி, நகம் நுழைகிற அளவுக்கு இருந்தால் விசாரிக்க வேண்டியது.

உள்ளே நுழைந்ததும் பேசாமல் ஒரு நிமிஷம் நில்லுங்கள். மூக்கு வேலை செய்யட்டும். நாலைந்து நிமிஷத்தில் எந்த வாடையும் பழகிவிடும், அப்புறம் தெரியாது. நனைந்த துணியை மூடி வைத்த மாதிரி வாடை வந்தால் ஓதம் எங்கோ இருக்கிறது. சமையலறைத் தொட்டியின் அடியில், அலமாரியின் பின்சுவரில், கூரை மூலையில் டார்ச் அடித்துப் பாருங்கள். பெயின்ட் கொப்பளித்திருக்கும், இல்லையென்றால் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். வீடு முழுக்கப் பழைய பெயின்ட், ஒரே ஒரு சுவரில் மட்டும் புதுசு என்றால் நேராகவே கேட்டுவிடுங்கள்: “இந்தச் சுவருக்கு மட்டும் ஏன்?”

குளியலறையில்தான் எனக்கு அதிக நேரம் ஆகும். ஷவர், வாஷ்பேசின் குழாய் இரண்டையும் திறந்துவிட்டு ஃப்ளஷையும் அழுத்துவேன். தனித்தனியாகத் திறந்தால் எல்லாக் குழாயும் நன்றாகத்தான் வரும். 10 லிட்டர் வாளி ஒரு நிமிஷத்தில் நிறைந்தால் நல்ல வேகம், இரண்டு நிமிஷம் தாண்டினால் காலை அவசரத்தில் தினமும் சண்டைதான். தொட்டி மொட்டைமாடியில் இருக்கிற கட்டடத்தில் மேல்மாடிக்காரர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். தொட்டிக்குப் பக்கத்தில் இருந்தால் தண்ணீர் பிய்த்துக்கொண்டு வரும் என்று நினைப்போம். உண்மையில் தொட்டிக்கும் குழாய்க்கும் உயர வித்தியாசம் குறையக் குறைய அழுத்தமும் குறையும். அப்புறம் ஒரு குவளைத் தண்ணீரை, தரையில் தண்ணீர் வெளியேறும் சல்லடை இருக்கிற மூலைக்கு எதிர் மூலையில் ஊற்றுங்கள். தானாக ஓடிப் போக வேண்டும். நடுவில் குளம் கட்டி நின்றால், அங்கே குடியிருக்கும்வரை துடைப்பம் உங்கள் கையில்தான்.

சார்ஜரை ஒவ்வொரு பிளக்கிலும் செருகிப் பாருங்கள். போன் சிக்னலைக் கூடத்தில் மட்டும் பார்க்காமல் படுக்கையறை மூலையிலும் பாருங்கள். ஃபிரிட்ஜ், கட்டில், பீரோ மூன்றின் அளவையும் வீட்டிலேயே எடுத்து எழுதிக்கொண்டு போங்கள். அறையை மட்டும் அளந்தால் போதாது. வாசல் அகலம், படிக்கட்டு திரும்புகிற இடம், கதவு திறக்கத் தேவையான இடம் இதெல்லாம் சேர்த்துத்தான் அளவு. பரப்பளவைச் சதுர மீட்டரில் சொன்னால் 10.76-ஆல் பெருக்கினால் சதுர அடி வந்துவிடும். அது சுவருக்குள் இருக்கிற இடமா, படிக்கட்டில் உங்கள் பங்கும் சேர்த்ததா என்று கேளுங்கள்.

நேரில் போகவே முடியாத தூரம் என்றால் தெரிந்தவர் யாரையாவது அனுப்புங்கள். அதற்கும் வழியில்லையா? தரகரைத் தெருவாசலில் ஆரம்பித்துக் குளியலறை வரை நிறுத்தாமல் வீடியோ அழைப்பில் நடந்து காட்டச் சொல்லுங்கள். நீங்கள் சொல்கிற குழாயை அவர் திறக்க வேண்டும்.

பிடித்திருந்தால் இன்னொரு முறை, வேறு நேரத்தில் போங்கள். பகலில் பார்த்த வீட்டைச் சாயங்காலம் பாருங்கள். மேற்குச் சுவரில் கையை வைத்தால் அது வாங்கி வைத்திருக்கிற வெயில் தெரியும். மழைக்கு மறுநாள் கிடைத்தால் இன்னும் நல்லது. இரவில் உள்ளே போகக்கூட வேண்டாம், தெருவில் பத்து நிமிஷம் நின்றால் போதும். நாயா, லாரியா, பட்டறையா என்று தெரிந்துவிடும்.

கிளம்பும்போது அக்கம்பக்கத்தில் ஒருவரிடமாவது பேசுங்கள். “வீடு எப்படி?” என்று கேட்டால் எல்லோரும் நல்லா இருக்கும் என்றுதான் சொல்வார்கள். முன்னால் இருந்தவர்கள் ஏன் காலி செய்தார்கள் என்று கேளுங்கள். போன தடவை நான் கேட்டபோது பக்கத்து வீட்டு அம்மா உடனே பதில் சொல்லவில்லை. மேல்மாடியை ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “மேல இருக்கிறவங்களும் நல்லவங்கதான்” என்றார். அந்தத் ‘தான்’ காதில் விழுந்ததும் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டேன்.