யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்: பெட்ரோல் டேங்க்கில் துரு எடுப்பது எப்படி?

பெயின்ட் அடிக்கும் முன் டேங்க்குக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். துரு இருந்தால் கார்புரேட்டர் ஜெட் (பெட்ரோல் போகும் சிறு துளை) அடைத்துக்கொண்டே இருக்கும்.

பெட்ரோலை முழுக்க வடித்து, டேங்க்கின் அடியில் உள்ள பெட்ரோல் டேப்பை (குழாய்த் திருகு) கழற்றி, ஓட்டையை இறுக்கமாக அடையுங்கள். ஒரு கைப்பிடி நட்டும் கொஞ்சம் தண்ணீரும் போட்டுக் குலுக்கினால் செதில் உதிரும். நட்டுகளை எண்ணிப் போட்டு எண்ணி எடுங்கள். பிறகு கழுத்துவரை வினிகர், 24 மணி நேரம். மூடியை இறுக்காதீர்கள், வாயு வெளியேற வேண்டும். பாத்ரூம் ஆசிட் வேண்டவே வேண்டாம். தகட்டையே அரித்து வெல்டிங் ஓரத்தில் ஓட்டை போட்டுவிடும்.

வினிகரை வடித்ததும் தாமதிக்கக் கூடாது. லிட்டருக்கு இரண்டு ஸ்பூன் சோடா மாவு கலந்த தண்ணீரால் அலசி, நல்ல தண்ணீரில் கழுவி, உடனே வெயிலில் உலர்த்துங்கள். ஈரம் நின்றால் ஆரஞ்சுத் துரு சீக்கிரமே திரும்பப் படியும். காய்ந்ததும் 100 மில்லி 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயில்) ஊற்றி எல்லாப் பக்கமும் புரட்டுங்கள். டேப் வாஷரைப் புதிதாகப் போடுங்கள், பழையது கசியும்.