ஒரு எமோஜி, இரண்டு எஸ்எம்எஸ் காசு

ஆங்கிலத்தில் எஸ்எம்எஸ் அனுப்பும்போது எமோஜியையும், எங்கிருந்தோ காப்பி செய்ததில் ஒட்டிவந்த வளைந்த மேற்கோள்குறியையும் எடுத்துவிடுங்கள். ஒரு மெசேஜ் காசிலேயே வேலை முடியும்.

ஜிஎஸ்எம் என்ற செல்போன் நெட்வொர்க் முறையில் ஒரு எஸ்எம்எஸ்ஸின் கொள்ளளவு 140 பைட், அதாவது 1,120 பிட். சாதாரண ஆங்கில எழுத்துக்கு 7 பிட் போதும் என்பதால் 160 எழுத்து அடங்கும். இந்த 7 பிட் முறைக்கென உள்ள எழுத்துப் பட்டியலில் இல்லாத ஒரே ஒரு குறி நுழைந்தாலும் மெசேஜ் முழுக்க, எல்லா மொழி எழுத்துக்குமான யூனிகோடு முறைக்கு மாறி, எழுத்துக்கு 16 பிட் பிடிக்கும். அளவு 70 ஆகச் சுருங்கும். 71-வது எழுத்திலேயே இரண்டாவது மெசேஜுக்கும் கட்டணம் விழும்.

தமிழில் அடித்தால் பொதுவாக 70தான். அதிலும் 'தமிழ்' என்ற மூன்றெழுத்து 5 இடம் பிடிக்கும்: 'மி'யின் மேல்விலங்குக்கும் 'ழ்' மேலுள்ள புள்ளிக்கும் தனிக் கணக்கு!

இன்டர்நெட் வழியே போகும் வாட்ஸ்அப்புக்கும், எஸ்எம்எஸ்ஸுக்குக் காசே பிடிக்காத பிளானுக்கும் இது பொருந்தாது.