பாஸ்க் குகைகளுக்குக் குடும்பத்துடன் நடந்து செல்ல

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ இருந்து பிரான்சிலுள்ள பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோருக்குப் பாரிஸை மட்டும் காட்டி அனுப்பாமல், நாட்டின் தென்மேற்கு மூலையில், பாஸ்க் மக்கள் வாழும் பகுதியிலுள்ள சாரே குகையிலிருந்து எல்லையைக் கடந்து ஸ்பெயினின் சுகர்ரமுர்டி குகை வரை நடக்கும் வாய்ப்பையும் கொடுங்கள்.

தூரம் ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர். நீல நிறக் குதிரை அடையாளங்களைப் பின்தொடர்ந்து நடக்கலாம். இரு நாடுகளுக்கிடையே செல்வதால் அனைவரும் கடவுச்சீட்டைக் கொண்டுசெல்ல வேண்டும். மழை அடிக்கடி பெய்யும் பிரதேசமாதலால் அம்மம்மாவுக்கும் செருப்புக்குப் பதிலாக வழுக்காத சப்பாத்தே பொருத்தம். குகைக்குள் கோடையிலும் குளிரும்.

சாரே குகையை வழிகாட்டியுடன் பார்க்கலாம். சுகர்ரமுர்டியிலோ, ஓடையொன்று சுண்ணக்கல்லைக் குடைந்து, நூறு மீற்றருக்கும் மேல் நீளமான, இருபுறமும் திறந்த பெருஞ்சுரங்கத்தை உருவாக்கியிருக்கிறது. வன்னியின் கடினமான பாறைகள் இவ்வாறு எளிதில் கரைவதில்லை. ஆனால் யாழ்ப்பாணத்து நிலாவரைக் கிணற்றைப் பார்த்த பிள்ளைகளுக்கு, அதுவும் சுண்ணக்கல் கரைந்து உருவானதே என்று சொன்னால் உடனே விளங்கும்.

சுகர்ரமுர்டி ஊர் மக்கள் பலர் சூனியக்காரர் என்று குற்றஞ்சாட்டப்பட்டு, 1610இல் ஸ்பெயினின் லோக்ரோன்யோ நகரில் தண்டிக்கப்பட்டனர்; சிலர் உயிரோடு எரிக்கப்பட்டனர். இதை வேடிக்கைக் கதையாக்காமல், அநியாயமாகக் கொல்லப்பட்ட மனிதரின் வரலாறாகவே பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

முதியவர்கள் களைத்துவிட்டால், இளையவர் ஒருவர் சாரே குகைக்கு நடந்து திரும்பி வாகனத்தைக் கொண்டுவரட்டும். அதுவரை மற்றவர்கள் ஊருக்குள் அமர்ந்து சோற்றுப் பார்சலைப் பிரித்து உண்ணலாம்.